மூன்று முறை கூப்பிட்ட பெயர்

அத்தியாயம் 9

போன வாரம் பாப்பாவைக் கோட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். சேர்த்த கையோடு, உங்களில் பதினோரு பேர் பெயர்ப் பட்டியல் எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஒருவர் நூற்று நாற்பது பெயர் எழுதியிருக்கிறார், எண் போட்டு. நன்றி. ஆனால் அந்த வீட்டின் கஷ்டம் உங்களுக்கு முழுதாகப் புரியவில்லை என்று தெரிகிறது. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களும் இருப்பீர்கள். ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

பாப்பாவின் அப்பா கப்பல் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தக் கப்பல், எந்த வாசல், யார் இன்னும் வந்து ஏறவில்லை என்பதையெல்லாம் மைக்கில் முதலில் ஆங்கிலத்திலும் அடுத்து பிரெஞ்சிலும் சொல்வது வேலை. அதனால் ஊரெல்லாம் அவருக்கு மைக் மாப்பிள்ளை என்றே பெயர். பதினான்கு நாளைக்கு முன் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நிறைமாத மனைவி அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கண்ணாடி போய்ச் சேரவில்லை. நிலையத்தின் கோடியில், லிஃப்ட் வாசலில், அவளுக்கு வலி வந்துவிட்டது.

முதலுதவி அறையில் அந்த நேரம் பார்த்து ஆள் இல்லை. யாரோ ஒரு பயணி, கையில் டிக்கெட், ஐம்பது வயதிருக்கும், சாம்பல் நிறக் கோட்டு போட்ட அம்மாள். அவர்தான் இவளைத் தாங்கிப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனார். ஆம்புலன்ஸுக்குப் பிரெஞ்சில் போன் செய்தார், இவளிடம் ஆங்கிலத்தில் பேசினார். ஆம்புலன்ஸ் வருமுன் குழந்தை வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு. ஒற்றை விரலை விட்டு அந்தக் கொடியைத் தளர்த்தி எடுத்தவரும் அவரே. தன் கோட்டில் குழந்தையைச் சுற்றித் தாயின் நெஞ்சில் வைத்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தபோது ஒதுங்கியவர், பிறகு கண்ணில் படவில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. கோட்டுப் பையில் இரண்டு மிட்டாய் இருந்தது, அவ்வளவுதான்.

மைக் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அரை மணி கழித்துத்தான் தெரியும். வேலை நேரத்தில் அவருடைய போன் லாக்கரில் இருக்கும், அவர் மாடியில் வெளிச் சத்தம் புகாத கண்ணாடி அறையில் இருப்பார்.

இனி இன்றைய நாளுக்கு வருவோம். பெயரைப் பதிய இன்றுதான் கடைசி நாள். அலுவலகம் நாலு மணிக்கு மூடிவிடும். தாண்டினால் மனு எழுத வேண்டும், காரணம் காட்ட வேண்டும், நாலு தடவை நடக்க வேண்டும். பச்சை உடம்புக்காரி நடக்கிற நடையா அது?

காலை பதினொன்றரை மணி. சமையலறையில் அக்கா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா என்றால் தாயானவளின் உடன்பிறந்த அக்கா. பிள்ளைப்பேறு பார்க்க இரண்டு வாரம் லீவு போட்டுக் கடல் தாண்டி வந்தவள். நாளைக்குப் பதினோரு மணிக் கப்பலில் திரும்பிப் போகிறாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை. எதைத் தேர்ந்தெடுப்பதென்றாலும், சேலையோ சோபாவோ, கடையில் கண் பரிசோதனை செய்வது போலத்தான் செய்வாள்.

"ஒண்ணு, எம்மா. ரெண்டு, க்ளாரா. எது தெளிவா இருக்கு? திரும்பவும் காட்டறேன். ஒண்ணா, ரெண்டா?"

"எனக்கு ரெண்டுமே மங்கலாத்தான் இருக்கு அக்கா" என்றாள் தங்கை. மடியில் துவைத்த துணிகள். ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"மங்கலா இருந்தா கண்ணைக் கசக்கிட்டுப் பாரு. மணி ஓடுது."

கதவில் இருந்த தாளில் இரண்டு பத்தி. ஒரு பக்கம் அக்காவின் பையன்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தவிர வேறெதுவும் ஓடாது. மறு பக்கம் மாப்பிள்ளையுடைய அண்ணனின் மகள். அவளுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் வராது. பெரியவர்கள் எல்லோரும் தமிழில் பேசி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமாகிவிடுவார்கள். பிள்ளைகள்தான் கல்யாண வீட்டில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்விடுகிறார்கள். இந்தப் பாப்பாவின் பெயராவது இரண்டு பக்கமும் இடறாமல் ஓட வேண்டும் என்பது பிறப்பதற்கு முன்பே எடுத்த முடிவு. ஒவ்வொரு பெயரையும் பிள்ளைகள் வாயால் சொல்லி போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அக்கா கேட்டு டிக் போடுவாள்.

முப்பத்தியொரு பெயர் போய், இரண்டு மிச்சம். அலிஸ் நன்றாகத்தான் போனது. அது மாப்பிள்ளையின் மேலதிகாரி பெயர் என்று தெரிந்ததும் அவரே எழுந்து போய் அடித்தார். லீனா இரண்டு பத்தியிலும் டிக் வாங்கியது. பிறகு அண்ணன் மகள் இன்னொரு பதிவு அனுப்பினாள். தன் முயலுக்கும் அதே பெயர்தானாம்.

"முயலுக்கு இருந்தா என்ன, மனுஷங்களுக்கு வைக்கக்கூடாதா?" என்றார் மைக் மாப்பிள்ளை.

"அது போன மாசம் செத்துப்போச்சு தம்பி. அடுத்த பதிவுல அழுதுட்டே சொல்றா."

எம்மா என்று பெரிய பையனின் வகுப்பில் மட்டும் நாலு பேர். எம்மாவும் அடிபட்டது. க்ளாரா நின்றது.

"ஆக, க்ளாரா" என்று அக்கா பேனாவின் மூடியைச் சாத்தினாள். "அழகான பேரு. நம்ம வாயிலயும் வருது. எனக்குத் திருப்தி."

தங்கை ஒரு சின்னச் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"என்னடி?"

"அவங்க பேரைத்தான் வைக்கணும்."

அக்கா பெருமூச்சு விட்டாள். பதினான்கு நாளாகத் தங்கை இதில் ஒற்றைக் காலில் நிற்கிறாள். "தெரியாத பேரை எப்படிடீ வைப்ப? நிலையத்துல விசாரிச்சாச்சு. துடைக்கிற அம்மாவுல இருந்து காவலாளி வரைக்கும் கேட்டாச்சு. அந்த மூலையில கேமராவும் இல்லை. இன்னும் என்ன செய்ய முடியும்?"

"அவங்க என் பேரைக் கேட்டாங்க அக்கா. வலி வர்றப்ப எல்லாம் என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் திருப்பி ஒரு தடவை கேட்கலை. ஒரு நன்றிகூடச் சொல்லலை." தொட்டில் பக்கம் திரும்பினாள். "இவளைத் தூக்கறப்ப எல்லாம் அவங்க விரல்தான் ஞாபகம் வருது. அந்த விரல் இல்லைன்னா இவ இல்லை. வேற எந்தப் பேரைச் சொல்லி நான் இவளைக் கூப்பிடறது?"

தொட்டிலில் பாப்பா சாம்பல் நிறக் கோட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். சலவைக்குப் போட்டு வந்த கோட்டு, மிட்டாய் இரண்டையும் மறுபடி அதன் பையிலேயே போட்டு வைத்திருந்தார்கள். வேறு எதை விரித்தாலும் சிணுங்குகிறாள். இப்போதைக்கு வீட்டில் அவளுக்குப் பெயர் பொட்டலம்.

அக்கா தங்கையின் தலையைத் தடவினாள். "சரிடா. நாலு மணிக்குள்ள தெய்வம் வந்து சொன்னா அதை வைப்போம். இல்லைன்னா க்ளாரா. பென்சிலால எழுதறேன், போதுமா?"

படிவத்தில் பென்சிலால் லேசாக எழுதினாள். பிறகு சூழ்நிலையைக் கொஞ்சம் இலகுவாக்க நினைத்தோ என்னவோ, "தம்பி, கடைசிப் பரீட்சை. உங்க மைக் குரல்ல ஒரு தடவை சொல்லுங்க, கேட்போம்" என்றாள்.

மைக் மாப்பிள்ளை கழுவிக் கவிழ்த்திருந்த பால் புட்டியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். வீட்டில் பேசுகிற குரல் வேறு, அந்தக் குரல் வேறு. அது கொஞ்சம் தாழ்ந்து, அவசரமே இல்லாமல் வரும். பயணி க்ளாரா, மூன்றாம் வாசலுக்கு உடனே வரவும் என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

தங்கையின் கையிலிருந்து சட்டை நழுவி விழுந்தது.

"என்னங்க, நிறுத்துங்க."

அவர் புட்டியை இறக்கினார்.

"இந்தக் குரல் அன்னைக்குக் கேட்டுச்சு."

"எனக்கு எங்க தெரியும்? நான் மேல..."

"நான் தரையில கிடந்தேன். ஸ்பீக்கர்ல நீங்க பேசினீங்க. வார்த்தை எதுவும் காதுல ஏறலை. ஆனா நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னு தோணுச்சு. அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுதான் மூச்சு விட்டேன்." தங்கை கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "விட்டு விட்டுப் பேசினீங்க. மூணு தடவை. நீங்க பேசறப்ப எல்லாம் அவங்க நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, இல்லைங்கற மாதிரி தலையை ஆட்டிட்டு, என் கையை இன்னும் கெட்டியாப் பிடிச்சாங்க. மூணு தடவையும் அப்படித்தான்."

மைக் மாப்பிள்ளை அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய வேலையில் ஒரு முறை உண்டு. கப்பல் நேரம் ஒரு தடவை. வாசல் மாற்றம் இரண்டு தடவை. மூன்று தடவை சொல்வது ஒன்றே ஒன்றுதான். டிக்கெட் வாங்கிவிட்டு வராத பயணியின் பெயர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மொழியிலும். மூன்றாவது தடவைக்கும் வரவில்லை என்றால் வாசலை மூடிவிடுவார்கள்.

"அவங்க கையில டிக்கெட் இருந்துதுன்னு சொன்னியே" என்றார் மெல்ல. "நான் அவங்களைத்தான் கூப்பிட்டிருக்கேன்."

அக்காதான் முதலில் தெளிந்தாள்.

"அப்ப பேரு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க தம்பி."

"ஞாபகம் இல்லை அக்கா."

"என்னது?"

"ஒரு நாளைக்கு முப்பது பேரைக் கூப்பிடறேன். வாயை விட்டுப் போனதும் மனசை விட்டும் போயிடும். இல்லைன்னா பைத்தியம் பிடிச்சுடும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு பேரை வாயில வெச்சிருந்துட்டுத் துப்பிட்டு வந்திருக்கீங்களே."

"சீட்டு இருக்கும்" என்று அவர் எழுந்தார். "கவுன்ட்டர்ல எழுதிக் குடுக்கிற சீட்டு. கம்பியில குத்தி வைப்போம். அதுல இருக்கும்."

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போனவரைப் பின்னாலிருந்து ஒரு கூப்பாடு நிறுத்தியது. அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்து கையில் கண்ணாடியைத் திணித்தாள்.

"இதை வெச்சுட்டுப் போறீங்க மறுபடியும். இன்னொரு பிள்ளை பெத்துக் குடுக்க இந்த வீட்டுல யாருக்கும் தெம்பு இல்லை."

கப்பல் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று இருபது. இன்று அவருக்கு விடுமுறை. மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினார். கண்ணாடி அறைக்குள் மாற்று ஆள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மேஜை ஓரத்தில் மரக்கட்டையில் நட்ட அந்தக் கம்பி நின்றது. வழக்கமாகக் கழுத்து வரை சீட்டு குத்தியிருக்கும். இன்றைக்கு அடியில் ஏழெட்டுதான் இருந்தது.

நேற்று மாதக் கடைசி. மாதக் கடைசியில் கம்பியைக் காலி செய்துவிடுவார்கள்.

கீழே கவுன்ட்டருக்கு ஓடினார். சீட்டெல்லாம் எழுதுகிற அம்மாள் அங்கே இருந்தார். நிலையம் திறந்த நாளிலிருந்து இருப்பவர். அவருக்கு எல்லோரும் பிள்ளைகள்தான்.

"வாப்பா மைக்கு. குழந்தை பிறந்துச்சாமே. ரெண்டு வாரமா லீவுல இருந்துட்டு நேத்துதான் வந்தேன், சொன்னாங்க. என்ன குழந்தை?"

"பொண்ணு. அம்மா, கம்பியில இருந்த சீட்டெல்லாம் எங்க?"

"காலி பண்ணிட்டேனே. பழைய பேப்பர் மூட்டையில கிடக்கு. ரெண்டு மணிக்கு வண்டி வரும், போயிடும்."

மூட்டை ஸ்டோர் ரூமில் இருந்தது. ஒன்றல்ல, ஆறு. மைக் மாப்பிள்ளை முதல் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டி மண்டியிட்டார். கவுன்ட்டர் அம்மாள் கூடவே வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"எந்த நாள் சீட்டு வேணும்?"

சொன்னார்.

"அன்னைக்கு நீ கண்ணாடியை மறந்துட்டு வந்து, எழுத்து தெரியலைன்னு என் உயிரை வாங்கினியே, அந்த நாளா?"

"ஆமாம்மா."

"அப்ப ஏன்பா இந்தப் பொடிச் சீட்டையெல்லாம் கிளறுற? அன்னைக்கு உனக்காகப் பழைய டைம்டேபிள் தாளோட பின்பக்கத்துல யானை யானையா எழுதிக் குடுத்தேன். நாலா மடிச்சுக் குத்தியிருந்தே. பெரிசா, மஞ்சளா இருக்கும் பாரு."

மூன்றாவது மூட்டையில் இருந்தது. மஞ்சள் தாள், நடுவில் கம்பி குத்திய ஓட்டை. விரித்தார். பதினோரு மணிக் கப்பல். நாலு பெயர், ஒவ்வொன்றும் விரல் நீள எழுத்தில். மூன்று பெயருக்கு எதிரே டிக். வந்து ஏறிவிட்டார்கள். கடைசிப் பெயருக்கு எதிரே மூன்று கோடு, அதைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை என்று பொருள். வட்டம் அவர் கையால் போட்டது. கொஞ்சம் அழுத்தியே போட்டிருந்தார்.

இப்போது ஞாபகம் வந்தது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது எரிச்சலாக இருந்தது அவருக்கு. டிக்கெட் வாங்கிவிட்டு எங்கேயோ நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், இவர்களுக்காக நானூறு பேர் காத்திருக்க வேண்டுமா என்று நினைத்தார். குரலில் அந்தக் கடுப்பைக் கொஞ்சம் சேர்த்துத்தான் சொன்னார். அதே நேரத்தில் அந்த மனுஷி கீழே மண்டியிட்டு அவருடைய மகளின் கழுத்திலிருந்து கொடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுக்குக் காகிதக் குவியலின் நடுவே உட்கார்ந்து, வளர்ந்த மனுஷன், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார்.

கவுன்ட்டர் அம்மாள் பதறிப்போய் என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னார்.

"கோட்டு குடுத்துட்டுப் போனாங்கன்னா சொன்ன?"

"ஆமா."

"அப்ப அவங்களேதான். கப்பல் போனப்புறம் என்கிட்ட வந்தாங்கப்பா. அன்னைக்கு வெளியில அவ்வளவு குளிரு. கோட்டு இல்லாம, சட்டைக் கை முழங்கை வரைக்கும் நனைஞ்சு நின்னாங்க. பாவமேன்னு, அடுத்த கப்பல்ல இடம் போடட்டுமான்னு கேட்டேன்."

"போனாங்களா?"

"வேண்டாம்னுட்டாங்க. 'இனிமே போய் ஒண்ணும் ஆகப்போறதில்லை'ன்னாங்க. டிக்கெட்டை ரத்து பண்ணிட்டுப் போயிட்டாங்க. ஆனா சிரிச்ச முகமாத்தான் சொன்னாங்க. அதான் எனக்கு விளங்கலை."

மைக் மாப்பிள்ளை மஞ்சள் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோட்டு அம்மாள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் பைக்குள் அடங்காமல் உள்ளே குறுகுறுத்தது.

வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டார். தங்கைதான் எடுத்தாள்.

"கிடைச்சுடுச்சு" என்றார்.

மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். அவர் சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லாதீங்க" என்றாள். "போன்ல வேண்டாம். நாங்க நேரா ஆபீஸுக்கு வந்துடறோம். அங்க வந்து சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

அந்தக் காரியத்தில் அவளுக்கு அவசரமே இல்லை பாருங்கள். பதினான்கு நாளாகத் தவித்தவள், பெயர் இருக்கிறது என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டாள். அக்காதான் பேருந்து முழுக்க, "ஏதாவது வாயில நுழையாத பேரா இருந்தா என்னடி பண்றது? என் பையங்களுக்கு வரலைன்னா?" என்று நச்சரித்துக்கொண்டே வந்தாள். தங்கை பாப்பாவைக் கோட்டோடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

பதிவு அலுவலகத்தில் மூன்று நாற்பதுக்கு டோக்கன் எண் வந்தது. நீளமான அறை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு. அதன் பின்னால் இருந்த எழுத்தர் வீட்டுக்குப் போகும் நேரத்தை எதிர்பார்த்திருக்கும் முகத்தோடு படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"பேரு பென்சில்ல இருக்கு. பேனாவுல எழுதணும்."

"ஒரு நிமிஷம்" என்று அக்கா கைப்பையைத் திறந்து ரப்பரை எடுத்தாள். க்ளாராவைத் தானே அழித்தாள். தூசியை ஊதிவிட்டு, பேனாவைத் திறந்து, "சொல்லுங்க தம்பி" என்றாள்.

மைக் மாப்பிள்ளை மஞ்சள் தாளை எடுத்து விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்த எழுத்துக்குக் கண்ணாடி தேவையே இல்லை, இருந்தாலும் மாட்டிக்கொண்டார். தாளை ஒரு தடவை பார்த்தார், பாப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தக் குரலை எடுத்தார்.

"பயணி லிடியா. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்."

ஆங்கிலத்தில் ஒரு தடவை, பிரெஞ்சில் ஒரு தடவை. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் கப்பல் போய்விட்டது போலத் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தர்கூட நிமிர்ந்தார். அன்றைக்கு எரிச்சலோடு சொன்ன அதே பெயர்தான். இன்றைக்கு அதில் அவருடைய உயிரெல்லாம் இருந்தது.

கோட்டுக்குள் பாப்பா முகத்தைச் சுளித்தாள். ஒரு கையை வெளியே நீட்டினாள். கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்தாள்.

"வந்துட்டா" என்றாள் தங்கை.

"லிடியா" என்று அக்கா தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "லிடியா. இங்க வாடி லிடியா." இரண்டாவது தடவையிலேயே கொஞ்சல் வந்துவிட்டது. பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினாள். "இதுக்கு ஒண்ணா ரெண்டான்னு கேட்கவே வேண்டாம்."

முத்திரை விழுந்தது. பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

வெளியே படிக்கட்டில் வெயில். அக்கா போனை எடுத்து இரண்டு பக்கத்துக்கும் பெயரை அனுப்பினாள். பையன்கள் சொல்லி அனுப்பினார்கள், ஒருவன் வாயில் எதையோ மென்றுகொண்டே. அண்ணன் மகள் பாடியே அனுப்பினாள். இரண்டு மொழியிலும் மும்மூன்று தடவை ஏற்கெனவே ஒத்திகை பார்த்த பெயர், எங்கே இடறப் போகிறது?

"இந்தக் கண்ணாடியை நான் இனிமே குறை சொல்லமாட்டேன் தம்பி" என்றாள் அக்கா. "நீங்க மறந்து வெச்சீங்க, இவ அங்க போனா, அவங்க இருந்தாங்க. நீங்க மறந்து வெச்சீங்க, அந்தம்மா பெரிசா எழுதினாங்க. வேணும்னா இன்னும் நாலு தடவை மறந்து வைங்க."

மைக் மாப்பிள்ளை சிரித்தார். ஆனால் தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் சிரிப்பில் பாதி எங்கோ நின்றுவிட்டது தெரியாதா?

"வேற என்ன?"

"ஒண்ணுமில்லை."

"என்னங்க."

அவர் சொல்லிவிட்டார். அடுத்த கப்பல் வேண்டாம் என்றது, டிக்கெட்டை ரத்து செய்தது, இனிமேல் போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்றது. சிரித்துக்கொண்டே சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

தங்கை படியில் உட்கார்ந்தாள். கோட்டின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கப்பல்ல போய் அவங்க யாரையோ பார்க்கறதா இருந்திருக்கு. அன்னைக்கே பார்த்திருக்கணும்" என்றாள். "மூணு தடவை கூப்பிட்டீங்க. மூணு தடவையும் அவங்க யோசிச்சிருப்பாங்க. மூணு தடவையும் எங்களை எடுத்துக்கிட்டாங்க."

லிடியா கொட்டாவி விட்டாள்.

"கோட்டைத் திருப்பிக் குடுக்கணும்" என்றாள் தங்கை. "இவளை அவங்க கையில குடுத்து, இதுதான் உங்க பேருன்னு சொல்லணும். எதை விட்டுட்டு இவளைப் பிடிச்சாங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பேரு இருக்கு, குடும்பப் பேரும் இருக்கு" என்று மைக் மாப்பிள்ளை சட்டைப் பையைத் தொட்டார். "தேடுவோம்."

அக்கா கைப்பையிலிருந்து தன் டிக்கெட்டை எடுத்தாள். நாளைய தேதி, பதினோரு மணிக் கப்பல், மூன்றாம் வாசல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டாக மடித்து, கோட்டுப் பையில் அந்த இரண்டு மிட்டாய்களோடு போட்டாள்.

"நாளைக்கு என் பேரைக் கூப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்காதீங்க தம்பி" என்றாள். "நான் ஏறப்போறதில்லை."